எந்த மாநிலத்துல மாட்டிக்கக் கூடாது? ஃபார்கோ, ஜாக்சன், ஃபீனிக்ஸ் – இருந்தவங்க சொல்லுங்க

பிளேனோவாசி:

வணக்கம். டெக்சாஸ் பிளேனோல எட்டு வருஷமா இருக்கோம். நான், மனைவி, ஏழு வயசுப் பொண்ணு. இங்க இருக்கிற ஆஃபீஸை மூடுறாங்க. வேலை போகலை, ஆனா மூணு ஊர்ல ஒண்ணைப் பிடிச்சுக்கணுமாம்: நார்த் டகோட்டால ஃபார்கோ, மிசிசிப்பில ஜாக்சன், அரிசோனால ஃபீனிக்ஸ். பதில் சொல்ல ரெண்டு வாரம்.

அமெரிக்காவுல வாழ மோசமான மாநிலம் எதுன்னு நெட்ல தேடினா பட்டியலுக்கு ஒரு மாநிலம் கடைசில நிக்குது. நாங்க இருக்கிற டெக்சாஸையே ஒருத்தர் கடைசில போட்டிருக்கார். முழுசா மறுக்கவும் முடியலை. 2021 பிப்ரவரி பனிப்புயல்ல கரண்ட் போய், வீட்டுக்குள்ள 41 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 5 செல்சியஸ். ரெண்டு வயசுக் குழந்தையை நடுவுல போட்டு, வீட்டுல இருந்த போர்வை, ஜமக்காளம், பட்டுப்புடவை வரைக்கும் மேல மூடிக்கிட்டுப் படுத்தோம்.

எனக்கு எச்1பி வேலை விசா. கிரீன் கார்டுக்குக் கம்பெனி போட்ட ஐ-140 மனுவும் அப்ரூவ் ஆயிடுச்சு. மனைவி எச்4 ஈஏடில (எச்1பிக்காரங்க துணைக்குக் கிடைக்கிற வேலை அனுமதி) வீட்டுலேருந்தே வேலை பாக்குறா. அம்மா வந்தா அஞ்சு மாசம் இருப்பாங்க. பட்டியல் வேண்டாம், இருந்து பாத்தவங்க சொல்லுங்க.

வெயிலுகந்தான்:

ஃபீனிக்ஸ் பக்கத்துல சாண்ட்லர், ஆறு வருஷம். வெயில் நமக்கென்ன புதுசான்னுதான் நானும் வந்தேன். 2023ல ஜூன் கடைசி நாள் ஆரம்பிச்சு தொடர்ந்து 31 நாள், தினமும் 110 டிகிரி ஃபாரன்ஹீட் (43 செல்சியஸ்) இல்லேன்னா அதுக்கு மேல. அந்த வருஷம் ஃபீனிக்ஸ் இருக்கிற மாரிகோப்பா கவுன்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மட்டும் வெயில் 645 பேரைக் கொண்டுபோச்சு. பாதிக்குப் பக்கம் வீடில்லாதவங்க. வீட்டுக்குள்ளயே செத்தவங்கள்ல பல பேர் ஏசி ஓடாத வீட்டுல இருந்தவங்க. இங்க ஏசி மெக்கானிக் நம்பரை டாக்டர் நம்பருக்கு மேல எழுதி வைப்போம்.

ஜூலைல பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும். பொண்ணைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகணும்னா காலைல ஆறு மணிக்குள்ள, இல்லேன்னா சறுக்குமரம் தொடையைச் சுட்டுடும். நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் மட்டும் இதைவிட நல்ல ஊர் கிடையாது. ஆறு மாசம் உள்ள, ஆறு மாசம் வெளிய. குளிர்ல கிடக்கிற மினசோட்டாக்காரனுக்கும் இதே கணக்குதான், மாசம்தான் வேற.

வீடு வாங்குற எண்ணம் இருந்தா ஒண்ணு: 2023 ஜூன்ல, நிலத்தடி நீரை மட்டும் நம்பி ஃபீனிக்ஸ் சுத்துவட்டாரத்துல புதுசா மனை பிரிக்க அனுமதி இல்லைன்னு மாநில அரசு சொல்லிடுச்சு. ஓரத்துல மலிவா கிடைக்குதுன்னா தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டுட்டு வாங்குங்க.

பேர்ல்நதி:

ஜாக்சன்ல அஞ்சு வருஷம், ஆஸ்பத்திரி வேலை. மிசிசிப்பியைக் கடைசில வைக்கிறது இன்னிக்கு நேத்து வந்ததில்லை. 1931லயே மென்கன்னு ஒரு பத்திரிகையாசிரியர் புள்ளிவிவரமா அடுக்கி, மோசமான மாநிலம் மிசிசிப்பிதான்னு முடிச்சுட்டார்.

2022 ஆகஸ்ட் கடைசில பேர்ல் ஆத்துல வெள்ளம். ஏற்கெனவே நொண்டிக்கிட்டிருந்த தண்ணி சுத்திகரிப்பு நிலையம் படுத்துடுச்சு. ஒண்ணரை லட்சம் பேருக்குக் குழாய்ல தண்ணி இல்லை, கக்கூஸ்ல ஊத்தக்கூட. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியிருந்தே காய்ச்சித்தான் குடிக்கணும்னு உத்தரவு வேற. அப்ப பக்கத்து ஊர் பிராண்டன்ல ஒரு நண்பர் வீட்டுக்குக் குளிக்கப் போவேன். அங்க குழாய் ஜோரா கொட்டும். இருபது நிமிஷ தூரம்தான். ஒரே மாநிலம்தான்! அதனால மாநிலத்தைத் திட்டறதா, கவுன்ட்டியைத் திட்டறதான்னு எனக்கு இன்னும் தெளிவில்லை.

உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கும், பிராண்டன்லயோ மேடிசன்லயோ வீடு எடுப்பீங்க, நல்லாவே இருப்பீங்க. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்டை விரிவுபடுத்தாத மாநிலம் இது. கஷ்டம் ஏழைக்குத்தான். ரெண்டாவது குழந்தை யோசனை இருந்தா மட்டும் மனைவியோட உட்கார்ந்து பேசுங்க. 2022ல கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் எடுத்த வழக்கே இந்த ஊர்ல கிளம்பினதுதான். டெக்சாஸ்லயும் தடை இருக்கு, உங்களுக்குத் தெரியாததில்லை.

நாலூர்க்காரி:

தம்பி, 2009 ஜனவரில கல்யாணமாகி நேரா ஃபார்கோல வந்து இறங்கினவ நான். அப்புறம் ஓக்லஹோமா நார்மன், நியூ ஜெர்சி எடிசன், இப்ப ஆர்கன்சா பென்டன்வில். நாலையும் பாத்துட்டுச் சொல்றேன், எனக்குக் கடைசி இடம் எடிசன்தான். திட்டறவங்க திட்டிக்குங்க.

முதல்ல ஃபார்கோ. மைனஸ் 40ல ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும் ஒண்ணுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம் இல்லையா, நான் அதைக் காதுல உணர்ந்தேன். காத்தடிக்கிற நாள்ல மூச்சு இழுத்தா மூக்குமுடி விறைச்சு ஊசி மாதிரி குத்தும். ஊர்ல இருக்கிற கார் எல்லாம் முன்னாடி ஒரு ஒயரைத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கும். ராத்திரி பிளக்குல சொருகி என்ஜினைச் சூடா வைக்க பிளாக் ஹீட்டர். முதல்ல பாத்தப்ப ஊரே எலெக்ட்ரிக் கார் ஓட்டுதுன்னு நெனச்சேன்.

வந்து ரெண்டே மாசம், மார்ச்சுல ரெட் ரிவர் பொங்கிடுச்சு. 28ஆம் தேதி தண்ணி மட்டம் 40 அடியைத் தாண்டி, அதுவரைக்கும் இல்லாத உயரம். அந்த ஆறு வடக்கே பாயுது. தெற்குப் பக்கம் பனி உருகி வந்துடும், வடக்கே ஆறு இன்னும் உறைஞ்சு கிடக்கும், போக வழியில்லாத தண்ணி ஊருக்குள்ள ஏறும். ஃபார்கோடோம்னு ஃபுட்பால் அரங்கத்துல ஊரே திரண்டு மணல்மூட்டை கட்டிச்சு. நானும் போனேன், சுடிதாருக்கு மேல வீட்டுக்காரரோட கோட்டு. எனக்கு இங்கிலீஷ் பேசக் கூச்சம், பக்கத்துல நின்ன நார்வே வம்சத்துப் பாட்டிக்கும் பேச்சுக் கம்மி. நாலு மணி நேரம் அவங்க பையைப் பிடிச்சாங்க, நான் மணலை அள்ளினேன். அடுத்த வாரம் அந்தம்மா கதவைத் தட்டி லெஃப்சே கொடுத்தாங்க. உருளைக்கிழங்குச் சப்பாத்தின்னு வச்சுக்குங்க. நான் ஊறுகாய் தொட்டுத் தின்னேன்னு அவங்ககிட்ட இதுவரைக்கும் சொல்லலை.

ஓக்லஹோமா பத்தி அதிகம் சொல்ல மாட்டேன். 2013 மே 20 மூர்ங்கிற ஊர்ல சூறாவளி வந்தப்ப நான் பக்கத்துல நார்மன்ல, கராஜ் தரையில புதைச்ச இரும்புப் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருந்தேன். 24 பேர் போனாங்க. அதுல ஏழு பேர் ஒரே பள்ளிக்கூடத்துக் குழந்தைங்க. அதுக்கப்புறம் சனிக்கிழமை மத்தியானம் சோதனைக்கு ஊதுற சைரனுக்குக்கூட வயித்தைக் கலக்கும்.

எடிசன்ல என்ன குறை? ஒண்ணுமில்லை, அதான் குறை. நம்ம ஆளுங்க நிறைஞ்ச ஊர், இந்தியக் கடைத்தெரு ஓக் ட்ரீ ரோட்ல எல்லாம் கிடைக்கும். வாரத்துக்கு மூணு பிறந்தநாள், மூணுக்கும் ரிட்டர்ன் கிஃப்ட். என் பையன் மூணாங்கிளாஸ்ல என்ன மார்க்குன்னு எனக்கு முன்னாடி எதிர்வீட்டுக்குத் தெரியும். நாட்டுலயே அதிக வீட்டு வரி, அதுல வாங்கின வீட்டுல ஞாயித்துக்கிழமை நைட்டியோட வாசல்ல நிக்க முடியாது.

ஓக்மரத்தெரு:

அக்கா, வரி கட்டறோம், பள்ளிக்கூடத்தைப் பாருங்க! உங்க பிறந்தநாள் பஞ்சாயத்துக்கு மாநிலம் என்ன பண்ணும்? ராத்திரி ரெண்டு மணிக்கு என் மனைவிக்கு வலி எடுத்தப்ப, பெரியவனைப் பாத்துக்க மூணு வீடு கதவைத் திறந்தாங்க. அதே எதிர்வீடும்தான்.

அவரோட அம்மா அஞ்சு மாசம் வருவாங்கன்னு எழுதியிருக்கார், அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. இங்கன்னா பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில், சாயங்காலம் நடக்க நாலு அம்மாக்கள். ஃபார்கோல யாரோட பேசுவாங்க?

நாலூர்க்காரி:

சரியான இடத்துல கைவச்சிட்டீங்க. என் மாமியார் ஒரு தடவை அக்டோபர்ல வந்தாங்க. டிசம்பர்ல ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இந்த ஊர்ல மனுசங்களே கிடையாதாம்மா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை. தமிழ்க் குரல் கேக்கணும்னா மினியாபொலிஸ் பக்கம் மேப்பிள் குரோவ் கோயிலுக்கு மூணரை மணி நேரம் ஓட்டணும். பனிப்புயல்னா ஐ-94 ஹைவேல கேட்டைப் போட்டு ரோட்டையே மூடிடுவாங்க. டிக்கெட்டை மாத்தி ஜனவரிலயே அனுப்பி வச்சோம்.

மறு தடவை மே மாசம் கூப்பிட்டோம். ஜூன்ல ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். கொசு மட்டும் நம்ம ஊர்க் கொசுவுக்கு அண்ணன். தோட்டத்துல வெண்டைக்காய் போட்டாங்க, அந்த நார்வே பாட்டியும் அவங்களும் பாஷையே இல்லாம சண்டை போட்டுக்கிட்டு களை எடுத்தாங்க. செப்டம்பர்ல கிளம்ப மனசில்லை. அம்மாவை மே முதல் செப்டம்பர் வரைக்கும் கூப்பிடுங்க தம்பி, வேற வழியில்லை.

படிவம்பரமசிவம்:

ஊரைப் பத்தி எனக்கு அபிப்பிராயம் இல்லை. எங்க போனாலும் பிளேனோ வட்டாரத்தைத் தாண்டுறீங்க. புது எல்சிஏ (சம்பளம், வேலை இடம் பத்தி தொழிலாளர் துறைக்குக் கம்பெனி கொடுக்கிற படிவம்), எச்1பி திருத்த மனு ரெண்டையும் புது ஊர்ல வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி கம்பெனி போட்டாகணும். வீடு மாறின பத்து நாளுக்குள்ள ஏஆர்-11ங்கிற முகவரி மாற்றப் படிவம், மூணு பேருக்கும். குழந்தைக்கு வேண்டாம்னு விட்டுடாதீங்க (அவ அமெரிக்காவுல பிறந்திருந்தா வேண்டாம்).

பிளேனோவாசி:

எல்லாருக்கும் நன்றி. பொண்ணு இங்கதான் பிறந்தா, பரமசிவம் சார். மனைவி முழுசாப் படிச்சுட்டு, "நான் எப்படியும் வீட்டுக்குள்ளதான் வேலை பாக்கப்போறேன், வெளிய சுட்டா என்ன, உறைஞ்சா என்ன"ன்னா. வெயில்ல ஏசி நின்னா, குளிர்ல ஹீட்டர் நின்னா, ரெண்டும் ஒண்ணுதானேன்னு நான் கேட்டேன். ஹீட்டர் நின்னா பட்டுப்புடவை இருக்கு, ஏசி நின்னா என்னத்தை உரிக்கிறதுங்கிறா.

நாலூர்க்காரி அக்கா, அந்த பிளாக் ஹீட்டரை இங்கயே போட்டுக்கிட்டு வரணுமா, அங்க வந்து போடணுமா?

நாலூர்க்காரி:

அங்க போய்ப் போடுங்க. பிளேனோ மெக்கானிக்கிட்ட கேட்டா சிரிப்பான். அக்டோபருக்குள்ள முடிச்சுடுங்க, முதல் பனி விழுந்துட்டா எல்லாரும் வரிசைல நிப்பாங்க. கூடவே வெளிய போடற மாதிரி எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒண்ணு நீளமா வாங்குங்க. நாங்க வாங்கினது ரெண்டடி பத்தலை.