சுவைக்காக எந்த ராஸ்பெர்ரி? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

வேலியோரம்:
என்னிடம் இருப்பது கிளென் ஆம்பிள். முள் கிடையாது, கட்டைவிரல் நுனி அளவுப் பழம், காய்ப்பு கொட்டுகிறது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டு டுலமீனை ருசிக்கும்வரை. வேலி தாண்டி நீட்டியிருந்த தண்டு. விரல் பட்டதுமே பழம் கழன்று கையில் விழுந்தது, வெள்ளைக் குருத்து மட்டும் செடியில் நின்றது. நாக்கில் வைத்து அழுத்தினால் முதலில் இனிப்பு, பின்னாலேயே லேசான புளிப்பு, அப்புறம் மூக்குவரை ஏறும் ஒரு வாசனை. என் பழத்தில் அந்த வாசனை என்ற சங்கதியே இல்லை. அன்றிலிருந்து என் வரிசையைப் பார்த்தாலே எரிச்சல். பிடுங்கிவிடலாமா?

மண்வெட்டி:
கிளென் ஆம்பிளை இப்படிக் கைவிடாதீர்கள். டுலமீன் கனடாவில் உருவான ரகம்தான், ஆனால் அதன் பெற்றோரில் ஒன்று கிளென் ப்ரோசன், ஸ்காட்லாந்துச் சரக்கு. உங்களுடையதும் ஸ்காட்லாந்திலிருந்து வந்ததே. நீங்கள் சிவந்ததுமே பறிக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். பறித்த பிறகு நிறம் கூடும், இனிப்பு கூடாது. இழுத்து எடுக்கும்படி இருந்தால் இன்னும் விட்டுவையுங்கள். மழை பெய்த மறுநாள் ருசி பார்த்துத் தீர்ப்பும் சொல்லாதீர்கள், சப்பென்றுதான் இருக்கும்.

இலைச்சருகு:
எனக்கு மறக்காதது ஆன். மஞ்சள் ரகம். பழுத்துத் தொங்கியும் வீட்டில் ஒருவரும் தொடவில்லை, காய் என்று நினைத்துவிட்டார்கள். மகளைக் கண்ணை மூடச் சொல்லி ஒன்றை வாயில் போட்டேன். மென்றுகொண்டே, "ஆப்ரிகாட்டா?" என்றாள். சிவப்பு ராஸ்பெர்ரி என்று அவள் சொல்லவே இல்லை! புளிப்பு ரொம்பக் குறைவு. செடியிலிருந்து நேராகச் சாப்பிட அருமை, ஜாமுக்கு எடுபடவில்லை. புளிப்பும் வேண்டும் என்பவர்கள் இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

கவாத்துக்கத்தி:
என் கதை சின்னது. ஒரே ஹெரிடேஜ் செடி, வெயில் காய்ந்த நாளில் பறித்த பழம் இனித்தது, குளிர் இறங்கியபின் அதே தண்டில் பறித்தது வெறும் புளிப்பு. அதனால் ரகத்தை மட்டும் பேசிப் பயனில்லை.

டுலமீன் வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அது கோடையில் காய்ப்பது, போன வருஷம் வளர்ந்த தண்டில்தான் பழம் வரும். காய்த்து முடிந்த தண்டை மட்டும் அடியோடு வெட்டுங்கள், புதுப் பச்சைத் தண்டில் கை வைக்காதீர்கள். ஹெரிடேஜ், ஆட்டம் பிளிஸ், ஜோன் ஜே எல்லாம் அந்த வருஷத் தண்டிலேயே காய்க்கும். குளிர்காலம் முடிகிற நேரத்தில் அத்தனையையும் தரையோடு வெட்டினாலும் இலையுதிர்காலக் காய்ப்பு வந்துவிடும். இரண்டு வகையையும் ஒரே வரிசையில் கலந்து நட்டால் எதை வெட்டுவது என்று குழம்பிப் போவீர்கள். மண்ணின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. தண்ணீர் தேங்கக் கூடாது. டுலமீன் வேர் அழுகலைத் தாங்காது, களிமண் என்றால் மேட்டுப்பாத்தி போடுங்கள். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் செழிக்கும்.

வேலியோரம்:
ஐயா, நான் கவாத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே! மண்வெட்டி சொன்னபடி தொட்டால் விழும் பழத்தையே எடுத்துப் பார்த்தேன். இனிப்பு கூடியது உண்மை. வாசனை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் டுலமீனின் பக்கக் கன்று தருகிறேன் என்கிறார், பழைய வரிசையை எடுத்துவிட்டு அங்கேயே நட்டுவிடப் போகிறேன்.

மண்வெட்டி:
சரி, வாசனைக்காக என்றால் நான் மறுக்கவில்லை. ஆனால் ராஸ்பெர்ரி பிடுங்கிய இடத்தில் மறுபடி ராஸ்பெர்ரியா? பழைய வேரோடு இருந்த நோயெல்லாம் அந்த மண்ணில்தானே கிடக்கும். வேறு இடம் பாருங்கள். ஓசிக் கன்றில் வைரஸ் வந்தாலும் வெளியில் தெரியாது, நோயற்றது என்று சான்று பெற்ற கன்றாக வாங்கிவிடுங்கள்.

இலைச்சருகு:
பக்கத்து வீட்டுக்காரர் கன்று தருகிற செடியில் பழம் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்றுதானே வேலியோரம் சொல்கிறார்? வைரஸ் பிடித்த செடி அப்படியா காய்க்கும்?

மண்வெட்டி:
சில ரகங்கள் வைரஸைச் சுமந்தபடியே வருஷக்கணக்கில் காய்க்கும். அசுவினிப் பூச்சி ஒன்று போதும், அங்கிருந்து உங்கள் ஆனுக்கும் கொண்டுவந்துவிடும்.