பிளாக் சபாத்தின் சிறந்த பாடகர்: ஓஸியா, டியோவா?

பழைய கேசட்:
2025 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில், வில்லா பார்க் மைதானத்தில், ஹெவி மெட்டல் பேண்டான பிளாக் சபாத்தின் முதல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். 22ஆம் தேதி போய்விட்டார். அதிலிருந்து யார் மெட்டல் பாடகர் பட்டியல் போட்டாலும் அவர்தான் முதலிடம். அஞ்சலி வேறு, மதிப்பீடு வேறு என்பது என் கட்சி. பாட்டு என்று பார்த்தால் சபாத்தில் முதல் ஆள் ரோனி ஜேம்ஸ் டியோ. 1979இல் ஓஸியை வெளியே அனுப்பியபோது அந்த பேண்ட் எழுந்திருக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அடுத்த வருடமே டியோ பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம் வந்தது. சின்ன வயதில் டிரம்பெட் வாசித்துப் பழகிய மூச்சு டியோவுக்கு. எவ்வளவு நீளமான வரியானாலும் கடைசி அசை வரை குரல் தளராது. ஓஸியிடம் இதைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

ரிஃப் ராஜா:
மூச்சுக்குப் பரிசு என்றால் நீச்சல்காரருக்குக் கொடுத்துவிடலாம் பாஸ். ஓஸி பாடிய 'அயர்ன் மேன்' கேளுங்கள். டோனி அயோமியின் கிடார் போகும் அதே வழியில் குரலும் போகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். ஆனால் அதனால்தான் ரிஃபே, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்த கிடார் துணுக்கே, பேசுவது போல இருக்கிறது. 'வார் பிக்ஸ்' இதற்கு நேர்மாறு. கிடார் இரண்டு அடி அடித்துவிட்டு நிற்க, டிரம்மர் பில் வார்டின் ஹை-ஹாட் தாளத்தட்டு மட்டும் தட்டிக்கொண்டிருக்க, அந்த வெற்றிடத்தில் ஓஸி தனியாக நிற்கிறார். மறைந்துகொள்ள இடமே இல்லை. குரல் வளம் இல்லாதவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

டிரம்ஸ் பாண்டி:
இரண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடிய பதிவு இருக்கும்போது ஏன் வாய்ச்சண்டை? 1982இல் டியோ பாடிய சபாத் கச்சேரிகள் 'லைவ் ஈவில்' ஆயின. அதே வருடம் ஓஸி தன் சொந்த பேண்டோடு நியூயார்க்கில் பழைய சபாத் பாடல்களைப் பாடி 'ஸ்பீக் ஆஃப் தி டெவில்' போட்டார். 'வார் பிக்ஸ்', 'அயர்ன் மேன்', 'பாரனாய்ட்' எல்லாம் இரண்டிலும் உண்டு. அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

ரிஃப் ராஜா:
கேட்டதால்தான் சொல்கிறேன். டியோ 'அயர்ன் மேன்' பாடும்போது ஒவ்வொரு வரியின் நுனியிலும் ஒரு சங்கதி போடுகிறார். நல்ல சங்கதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது இரும்பு மனிதனின் பாட்டு, அதில் எதற்கு அலங்காரம்? ஓஸி ஒட்டடை படிந்த குரலில் உணர்ச்சியே காட்டாமல் பாடுவதுதான் பயமுறுத்துகிறது.

பழைய கேசட்:
சரி, அதே சோதனையைத் திருப்பிப் போடுவோம். 1997இல் ஓஸி திரும்பி வந்த பிறகு எத்தனை வருடம் ஊர் ஊராகப் பாடினார்கள்? டியோ பாடிய 'சில்ட்ரன் ஆஃப் தி சீ' ஒரு தடவை? 'நியான் நைட்ஸ்' ஒரு தடவை? ஒன்றுகூட இல்லை. டியோ ஓஸியின் பாட்டைத் தன் பாணியில் பாடினார், உங்களுக்குப் பிடிக்கவில்லை, சரி. ஓஸி இந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. ரிஃபின் மேல் நடப்பது ஒரு திறமை. ரிஃப் ஒரு பக்கம் போக, மெட்டு அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வேறு பக்கம் போவது அதைவிடப் பெரிய திறமை. 'ஹெவன் அண்ட் ஹெல்' பாட்டின் சரணத்தில் கீசர் பட்லரின் பேஸ் மட்டும் ஒரே நடையில் ஓடுகிறது. அயோமி கிட்டத்தட்ட ஒதுங்கி வழிவிடுகிறார். அயோமியே வழிவிடுகிறார் என்றால் யோசித்துப் பாருங்கள்!

மார்ட்டின் கட்சி:
1987 முதல் 1995 வரை டோனி மார்ட்டின் சபாத்தில் ஐந்து ஆல்பம் பாடியிருக்கிறார். 'ஹெட்லெஸ் கிராஸ்' கேட்காதவர்கள்தான் இங்கே தீர்ப்பு சொல்கிறீர்கள் போல.

டிரம்ஸ் பாண்டி:
மார்ட்டினுக்குத் தனி இழை தொடங்குங்கள் அண்ணே, வந்து ஓட்டுப் போடுகிறேன்.

ஹெட்போன் மாமி:
ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. வரிகள். டியோ தன் பாட்டைத் தானே எழுதினார். ஓஸி காலத்துப் பாடல் வரிகளில் பெரும்பகுதி கீசர் எழுதியது. போரில் பணக்காரன் ஒளிந்துகொள்ள ஏழை சாகிறான் என்று 'வார் பிக்ஸ்' சொல்லும் கோபம் கீசருடைய பேனா. அதற்கான பாராட்டையும் சேர்த்து ஓஸி கணக்கில் எழுதுகிறீர்கள்.

ரிஃப் ராஜா:
எழுதியவர் கீசர்தான் மாமி. ஆனால் ஆஸ்டனில் வளர்ந்து, கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர் பாடும்போது அந்த வரிக்கு ஆள் கிடைத்துவிடுகிறது. டியோவின் வானவில்லும் மந்திரவாதியும் எனக்கு ஒரு ஆல்பத்துக்கு மேல் தாங்காது. அப்புறம், ஓஸிக்குக் குரலே இல்லை என்று பேசுகிறவர்கள் எல்லாம் தொண்ணூறுகளுக்குப் பிந்தைய மேடை வீடியோவைப் பார்த்தவர்கள். 1975இல் வந்த 'சபாடேஜ்' ஆல்பத்தைப் போடுங்கள். 'சிம்ப்டம் ஆஃப் தி யூனிவர்ஸ்' பாட்டில் அவர் நிற்கும் உயரத்தில் இன்றைக்கு எத்தனை பேர் நிற்பார்கள்? அதே ஆள் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் 'சாலிட்யூட்' பாடியிருக்கிறார். அவ்வளவு மென்மை. அது பில் வார்டின் குரல் என்றே பல பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்போன் மாமி:
'சாலிட்யூட்' விஷயத்தில் உங்கள் பக்கம்தான். அதைக் கேட்டவர்கள் ஓஸியை வெறும் கோமாளி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருடைய தனி ஆல்பங்களில் குரலை இரண்டு தடவை பதிவு செய்து ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் வேலை நிறைய. அந்த மினுமினுப்பில் பாதி ஸ்டுடியோவின் உபயம். டியோவுக்கு ஒரு மைக் போதும்.

டிரம்ஸ் பாண்டி:
இப்படியே போனால் விடை ராப் ஹால்ஃபோர்டுதான். 1992இல் கலிபோர்னியாவில் இரண்டு இரவு ஓஸியின் தனிக் கச்சேரிக்குத் தொடக்க பேண்டாக சபாத் வாசிக்க வேண்டும் என்றதும், இடையில் சபாத்துக்குத் திரும்பியிருந்த டியோ மறுத்துவிட்டு விலகினார். அந்த இரண்டு இரவும் ஹால்ஃபோர்டு வந்து ஓஸி பாட்டு, டியோ பாட்டு இரண்டையும் பாடினார். 2004இல் அமெரிக்காவின் கேம்டனில் ஓஸிக்கு உடம்பு சரியில்லாதபோதும் அவர்தான் வந்து நின்றார்.

பழைய கேசட்:
அவசரத்துக்கு வந்து கைகொடுத்தவரை மதிக்கிறேன், ஆனால் அவருடைய வீடு ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற பேண்ட். ராஜாவுக்கு வருகிறேன். எழுபதுகளின் உயரத்தைக் காட்டுகிறீர்கள். 'சபாத் பிளடி சபாத்' பாட்டைப் பிற்காலத்தில் அவரால் முழுதாக மேடையேற்ற முடிந்ததா? ரிஃபை மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். டியோ 66 வயதில் 'தி டெவில் யூ நோ' ஆல்பத்தில் பாடியிருக்கிறார், 2009. குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வருடம் மே மாதம் வயிற்றுப் புற்றுநோயில் போய்விட்டார்.

ரிஃப் ராஜா:
உயரம் குறைந்தது, மேடையில் சுதி விலகியது, எல்லாம் சரி. வில்லா பார்க்கில் 'வார் பிக்ஸ்' வந்தபோது அத்தனை ஆயிரம் பேரும் கூடவே பாடினார்களே. அவர் உண்டாக்கிய மெட்டு அது. டியோவின் 'டை யங்' பாட்டை ஒரு கூட்டம் அப்படிப் பாடி எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

பழைய கேசட்:
கூட்டத்தால் பாட முடியாது ராஜா. அதற்குத்தான் பாடகர் என்று ஒருவரை வேலைக்கு வைக்கிறார்கள்.