பொங்கலை எல்லாப் பாடத்திலும் நடத்தலாமா?

நடுநிலைப்பள்ளி டீச்சர்: ஜனவரி முதல் இரண்டு வாரம் ஏழாம் வகுப்புக்கு எல்லாப் பாடத்தையும் பொங்கலை வைத்தே நடத்தலாம் என்று எங்கள் பள்ளியில் யோசிக்கிறோம். தமிழில் உழவுப் பாடல்கள், கணக்கில் புள்ளிக்கோலம், அறிவியலில் பால் ஏன் பொங்குகிறது (வெறும் தண்ணீர் கொதித்தால் அப்படிப் பொங்கி வழியாது, பாலின் மேல் படியும் ஏடு ஆவியை மறித்துக்கொள்கிறது), சமூக அறிவியலில் மேட்டூரும் டெல்டாவும். என்ன சொல்கிறீர்கள்?

கணக்கு வாத்தியார்: கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர், இது வருஷா வருஷம் எங்கேயாவது நடக்கிறது, கடைசியில் சார்ட் பேப்பரில் கரும்பு வரைந்து சுவரில் ஒட்டுவதோடு சரி. கோலத்தில் சமச்சீர் இருக்கிறது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அரையாண்டுத் தேர்வில் பின்னத்தில் கோட்டை விட்ட பிள்ளைகளுக்குத் திரும்பச் சொல்லிக் கொடுக்க எனக்குக் கிடைப்பதே அந்த இரண்டு வாரம்தான், அதையும் கேட்கிறீர்கள்.

நடுநிலைப்பள்ளி டீச்சர்: சமச்சீரோடு ஏன் சார் நிறுத்துகிறீர்கள்? நேர்ப்புள்ளியில் 9 புள்ளி, 1 வரை வைத்தால் மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். நடுவரிசையோடு சேர்த்து மேல்பாதி 1+3+5+7+9, அதாவது 25. கீழே மிச்சம் 16. இரண்டுமே வர்க்க எண். ஏன் அப்படி வருகிறது என்று பிள்ளைகளே தரையில் புள்ளி வைத்துத் தேடட்டும்.

வானம் பார்ப்பவன்: எதை வேண்டுமானாலும் நடத்துங்கள், தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று மட்டும் அறிவியல் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். அது டிசம்பர் 21, 22-லேயே திரும்பிவிடுகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி, ராசிக் கணக்கில் வரும் தை முதல் நாள் இப்போது மூன்று வாரத்துக்கு மேல் பின்தங்கி நிற்கிறது. பண்டிகையையும் பாடத்தையும் கலந்தால் இந்த மாதிரிக் குழப்பம்தான் முதலில் உள்ளே வரும்.

நடுநிலைப்பள்ளி டீச்சர்: கலக்காவிட்டால் மட்டும் பிள்ளைகள் அதை நம்பாமல் இருக்கிறார்களா? வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் ஒரு குச்சியை நட்டு, டிசம்பரிலிருந்து மதிய நிழலை அளந்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மன்னார்குடி விவசாயி: நான் வாத்தியார் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அறுவடைத் திருநாள் என்று பாடம் எடுப்பீர்கள், தை முதல் தேதி எங்கள் பக்கம் சம்பா பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். பிள்ளைகளை அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கூட்டி வாருங்கள். 40 கிலோ மூட்டை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மழை பெய்துவிட்டால் அதைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதும், பதில் வருகிற வரைக்கும் நாங்கள் நெல்லைக் களத்தில் கொட்டிக் கிளறிக்கொண்டு, மேகம் கறுத்தால் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு கிடப்போம். 22 சதவீத ஈரத்தில் இருக்கிற 100 கிலோ நெல்லை 17-க்குக் காய வைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று உங்கள் ஏழாம் வகுப்பைக் கேளுங்கள். 95 என்பார்கள்.

கணக்கு வாத்தியார்: 94. நெல்லில் தண்ணீர் போக மிச்சம் 78 கிலோ, காய்ந்தபின் அதுவே மொத்தத்தில் 83 சதவீதம். அருமையான கணக்கு அண்ணே, நாளைக்கே வகுப்பில் கொடுப்பேன். ஆனால் இதற்குப் பொங்கல் எதற்கு? சதவீதப் பாடம் வரும்போது ஆடியில்கூடக் கொடுக்கலாம். பண்டிகையைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாடமும் வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஒவ்வாதது. இங்கிலீஷ் வாத்தியார் பாவம், அவர் என்ன செய்வார், பொங்கல் வாழ்த்து அட்டை எழுதச் சொல்வார்.

ராமநாதபுரம் அம்மா: என் பையன் வகுப்பில் பாதிக்குப் பாதி முஸ்லிம் பிள்ளைகள். உழவு, மாடு, நெல் என்றால் யாருக்கும் சங்கடமில்லை, சூரியனுக்குப் படையல் போட்டுக் கும்பிடச் சொன்னால் சில வீட்டில் கேள்வி வரும். அதை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுநிலைப்பள்ளி டீச்சர்: படையல் எதுவும் கிடையாது அம்மா. வாத்தியார் சாருக்கு: ஆடியிலும் கொடுக்கலாம் என்கிறீர்கள், ஆடியில் யார் கொடுத்தார்கள்? இங்கிலீஷுக்கு வாழ்த்து அட்டை வேண்டாம், விடுகிறேன். தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் நான்கு போதும். அண்ணா, எப்போது கூட்டி வரட்டும்?

மன்னார்குடி விவசாயி: பொங்கல் லீவெல்லாம் முடிந்து ஜனவரி கடைசியில் வாருங்கள் டீச்சர், அப்போதுதான் அறுவடை மெஷின் வயலில் இறங்கும்.

கணக்கு வாத்தியார்: அப்போ என் இரண்டு வாரம் தப்பித்தது. வேனில் எனக்கும் ஒரு சீட் போடுங்கள், வாடகை யார் தலையில் என்று மட்டும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.