200 நெட் பிளான், 38 தான் வருது. ஏமாத்துறாங்களா?

பொன்ராஜ்_87 · இரவு 9:52
999 ரூபா பிளான். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்தா 1,179 கட்டுறேன். 200 எம்பிபிஎஸ் வேகம்னு சொல்லித்தான் கனெக்‌ஷன் குடுத்தாங்க. டெஸ்ட் போட்டா 38, 41, ஒரு தடவ 29. போன் பண்ணா "எங்க சைடு எல்லாம் ஓகே சார், உங்க போன்லதான் பிரச்சனை"ங்கிறாங்க. ரெண்டு நாளா ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியே கை வலிக்குது. இது ஏமாத்து வேலைதானே? யார்கிட்ட புகார் குடுக்கணும்? நாளைக்கு ரீசார்ஜ் தேதி, சீக்கிரம் சொல்லுங்க.

சும்மா_வந்தேன் · இரவு 9:55
38 வந்துமா புகார்? எங்க ஊர்ல 38 வந்தா அய்யனாருக்கு கெடா வெட்டுவோம்.

கயல்விழி · இரவு 10:01
எதுல டெஸ்ட் போட்டீங்க, போனா லேப்டாப்பா? வைஃபையா வொயரா? ரூட்டர் எந்த ரூம்ல இருக்கு, நீங்க எங்க உக்காந்து பாத்தீங்க? எந்த நேரத்துல? இது தெரியாம யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

ஹரி_சேலம் · இரவு 10:04
ப்ரோ டிஎன்எஸ் மாத்துங்க. 1.1.1.1 போடுங்க. எனக்கு ராக்கெட் மாதிரி ஆயிடுச்சு.

மணி_நெட் · இரவு 10:09
டிஎன்எஸ் மாத்துனா வேகம் கூடும்னு நம்புற தலைமுறை இன்னும் இருக்கு. தம்பி, டிஎன்எஸ்-ங்கிறது வீட்டு அட்ரஸ் கேக்குற வேலை. அட்ரஸ் சீக்கிரம் கிடைச்சா ரோடு அகலமாயிடுமா?
கேள்வி கேட்டவருக்கு: இதே கேள்வி இங்க நூறு தடவ வந்தாச்சு. தேடிப் பாத்துட்டு வந்திருக்கலாம். கம்பெனி 200 தருது, உங்க வைஃபை அதை 38 ஆக்குது. முடிஞ்சுது.

ரேவதி_கணக்கு · இரவு 10:15
மாசக் கடைசியா? "அன்லிமிடெட்"னு விக்கிற பல பிளான்ல 3,300 ஜிபின்னு ஒரு வரம்பு சின்ன எழுத்துல இருக்கும். அதைத் தாண்டியிருப்பீங்க.

கயல்விழி · இரவு 10:18
வரம்பு தாண்டினா 38 எல்லாம் விட மாட்டாங்க அக்கா, ஒண்ணு ரெண்டு எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிடுவாங்க. 29-லேர்ந்து 41 வரைக்கும் ஆடுதுன்னா எனக்கு வைஃபை மேலதான் சந்தேகம். ஆனா மணி சார் மாதிரி "முடிஞ்சுது"ன்னு சொல்ல மாட்டேன்.

பொன்ராஜ்_87 · இரவு 10:31
போன்லதான். வைஃபைதான், வேற எப்படி? ரூட்டர் கீழ ஹால்ல டிவி பக்கத்துல. நான் மாடி ரூம்ல. கோவில்பட்டி. நைட்டுதான் பாக்க நேரம், பகல்ல கடைக்குப் போயிடுவேன்.

மணி_நெட் · இரவு 10:33
மாடி ரூம். இதை முதல்லயே சொல்லியிருந்தா இருபது பதிவு மிச்சம்.

கயல்விழி · இரவு 10:47
சரிண்ணா, இப்ப பேசலாம். கான்கிரீட் தளம், கீழ ரூட்டர். வைஃபையில 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை. மேல அந்த 5 சரியா ஏறி வராது, உங்க போன் தானா வேகம் கம்மியான 2.4-க்கு இறங்கியிருக்கும். போன்ல வைஃபை செட்டிங்ஸ் போய், கனெக்ட் ஆன பேரைத் தொட்டா "லிங்க் ஸ்பீட்"னு ஒரு நம்பர் இருக்கும். 72-ன்னு காட்டுதான்னு பாருங்க. விலை கம்மியான போன்ல ஒரே ஆன்டெனா, 2.4-ல அதோட உச்சம் 72. அதுவும் காத்துல போன் ரூட்டரோட பேசிக்கிற கணக்குதான். கையில வர்றது அதுல பாதி சொச்சம். நீங்க சொன்ன 38, 41 அதுக்குள்ளதான் விழுது. பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே சேனல்ல இருந்தா 29.

அதனால இது கம்பெனி தப்பு இல்லைன்னு நான் சொல்ல வரல. இந்த டெஸ்டை வச்சு கம்பெனி மேல ஒண்ணுமே சொல்ல முடியாது, அவ்வளவுதான். லேப்டாப் இருந்தா ரூட்டர்ல நேரா லேன் வொயர் குத்தி, வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, டிவியை நிறுத்திட்டு ஒரு டெஸ்ட் போடுங்க. அந்த நம்பரைச் சொல்லுங்க.

கேபிள்_பாண்டி · இரவு 11:05
நான் ஏரியாவுல நெட் லைன் ஓட்டுறவன், அதனால சொல்றேன். எல்லாரும் எங்களைத்தான் திட்டுறீங்க. பிளான்ல "200 வரை"ன்னுதான் போட்டிருக்கு. வரைன்னா வரைதான். நாங்க வந்து மாடிக்கு ஒரு வொயர் இழுத்துத் தர்றோம், வொயர் காசு மட்டும் குடுங்கன்னா சண்டைக்கு வர்றாங்க. அப்புறம் மாடில சிக்னல் இல்லைன்னு நைட்டு பதினோரு மணிக்கு போன்.

லண்டன்_குமரன் · இரவு 11:20
அந்த "வரை"தான் மோசடியே. இங்க பிரிட்டன்லயும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்துச்சு, பத்துல ஒருத்தருக்கு அந்த வேகம் கிடைச்சாலே விளம்பரத்துல போட்டுக்கலாம். 2018 மே மாசத்துல மாத்துனாங்க. ராத்திரி 8-லேர்ந்து 10 வரைக்கும், எல்லாரும் நெட்டுல உக்காந்திருக்கிற நேரத்துல, பாதி வாடிக்கையாளருக்காவது கிடைக்கிற வேகத்தைத்தான் விளம்பரத்துல போடணும். நம்பர் எல்லாம் மளமளன்னு இறங்கிடுச்சு. 2019-லேர்ந்து ஆஃப்காம்னு இங்க இருக்கிற டெலிகாம் ஒழுங்குமுறை அமைப்போட விதிமுறையில கையெழுத்துப் போட்ட கம்பெனிங்க, சேரும்போதே குறைஞ்சபட்ச வேகம் இவ்வளவுன்னு சொல்லணும். அதுக்குக் கீழ போயி 30 நாள்ல சரி பண்ணலைன்னா அபராதம் கட்டாம வெளிய வந்துடலாம்.

மணி_நெட் · இரவு 11:26
கோவில்பட்டிக்காரர் மாடியில சிக்னல் இல்லைன்னு அழுறாரு, இவரு லண்டன் சட்டம் வாசிக்கிறாரு.

லண்டன்_குமரன் · இரவு 11:29
சட்டம் இல்லாததாலதான் அவரு அழுறாரு சார்.

மணி_நெட் · இரவு 11:34
இங்க சட்டம் இல்லைன்னு யாரு சொன்னா? 2013-ல 512 கேபிபிஎஸ் இருந்தா பிராட்பேண்ட்னு சொன்னாங்க. 2023 ஜனவரியில அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கிட்டாங்க. 2024 அக்டோபர்லேர்ந்து டிராயோட, அதாவது நம்ம டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையத்தோட, புது தர விதிமுறையும் நடப்புல இருக்கு. தெரிஞ்சுக்கிட்டு பேசணும்.

சும்மா_வந்தேன் · இரவு 11:36
அப்ப 200-க்குக் காசு வாங்கிட்டு 2 குடுத்தாலும் அது பிராட்பேண்டுதான். அருமை.

கேபிள்_பாண்டி · இரவு 11:41
ஒரு ஃபைபர்ல 2.5 கிகாபிட், அதாவது 2,500 எம்பிபிஎஸ் இறங்குது. அதை ஸ்பிளிட்டர் வச்சு 32 வீடு, சில இடத்துல 64 வீட்டுக்குப் பிரிக்கிறோம். 64 வீடும் ஒரே நேரத்துல 200 இழுத்தா என்ன ஆகும், நீங்களே கணக்குப் போடுங்க. பஸ்ல 55 சீட்டுக்கு 90 டிக்கெட் குடுக்கலையா?

கயல்விழி · இரவு 11:50
12.8 கிகாபிட் ஆகும் அண்ணாச்சி. ஆனா 64 வீடும் ஒரே நொடியில இழுக்காதுங்கிற நம்பிக்கையிலதான் உலகம் முழுக்க இந்தத் தொழில் ஓடுது, அதுல தப்பு இல்ல. ஒரு வீட்டுல படம் ஓடினா 4கே-ல கூட 25-க்குள்ள முடிஞ்சிடும். உண்மையில நைட்டு நெரிசல் பெரும்பாலும் ஃபைபர்ல வர்றதில்ல. வீட்டு ஃபைபர் எல்லாம் வந்து சேர்ற உங்க ஓஎல்டி பெட்டியிலேர்ந்து மேல கம்பெனிக்குப் போற லைன் இருக்கு பாருங்க, அதை நீங்க எவ்வளவு வாங்கி வச்சிருக்கீங்க, எத்தனை வீட்டுக்கு விக்கிறீங்க? அங்கதான் சிக்கும். அதை எந்த விளம்பரமும் சொல்றதில்ல.

கேபிள்_பாண்டி · இரவு 11:53
அது தொழில் ரகசியம் தங்கச்சி.

யாழ்_வாசன் · இரவு 11:58
எங்கட பக்கம் கனகாலமா பக்கேஜை ஜிபி கணக்கிலதான் விக்கிறவை. வேகம் கூடினா டேட்டா கெதியா முடிஞ்சிடும் எண்டு பயம். நீங்கள் 38-க்கு சண்டை பிடிக்கிறியள்.

பொன்ராஜ்_87 · மறுநாள் காலை 6:40
பையனோட லேப்டாப்ல வொயர் போட்டுப் பாத்தேன். 94. மூணு தடவயும் 94. பாதிதான் வருது. இப்பவாவது ஏமாத்துன்னு ஒத்துக்குறீங்களா?

மணி_நெட் · காலை 7:02
இல்ல.

கயல்விழி · காலை 7:15
அண்ணா, 94 ஒரு அடையாளம். கம்பெனி பக்கம் நெரிசல்ல குறைஞ்சா 94, 94, 94-ன்னு அசையாம நிக்காது, மேல கீழ ஆடும். அசையாம நின்னா பெரும்பாலும் நடுவுல எங்கயோ ஒரு 100 எம்பிபிஎஸ் பூட்டு இருக்கு. அந்த 100-ல ஒவ்வொரு டேட்டா பொட்டலத்துலயும் ஒட்டுற தலைப்பு, வால்னு போக மிஞ்சுறது 94, 95. மூணு இடத்துல தேடணும்.

வொயருக்குள்ள எட்டு கம்பி இருக்கும். 100-க்கு நாலே போதும், கிகாபிட், அதாவது 1000 போகணும்னா எட்டும் வேணும். உள்ள நீல, பழுப்பு ஜோடியில ஒண்ணு முறிஞ்சிருந்தாலும் வொயர் வேலை செய்யும், 100-ல சத்தமில்லாம ஓடும். அதான் யாருக்கும் தெரியறதில்ல. கிளிப் உடைஞ்ச பழைய வொயர்னா தூக்கிப் போட்டுட்டு கேட்6 வொயர் ஒண்ணு வாங்குங்க.

அடுத்து ஃபைபர் வந்து சேர்ற அந்த வெள்ளை ரூட்டர் பெட்டி, ஓஎன்டி. பலதுல லேன் 1 மட்டும் கிகாபிட், மத்ததெல்லாம் 100. எந்த ஓட்டையில குத்துனீங்க? கடைசியா லேப்டாப். பழசுன்னா அதோட போர்ட்டே 100-ஆ இருக்கும். விண்டோஸ்ல நெட்வொர்க் ஸ்டேட்டஸ் தொறந்தா 100-ஆ 1000-ஆன்னு எழுதியிருக்கும்.

ஹரி_சேலம் · காலை 7:30
94 இருக்கட்டும், டவுன்லோட் போட்டா எனக்கு 11 எம்பிதான் காட்டுது. அதுவும் இதே பிரச்சனையா?

மணி_நெட் · காலை 7:33
11 எம்பி பைட், 94 எம்பி பிட். எட்டால பெருக்கு. எட்டாம் வாய்ப்பாடு தெரியுமில்ல?

கயல்விழி · காலை 7:40
சின்னப் பையனை ஏன் சார் கடிக்கிறீங்க. கம்பெனி பிட்டுல விக்கிது, பிரவுசர் பைட்டுல காட்டுது, குழப்பம் வரத்தான் செய்யும். ஹரி, 100 பிளான்னா உங்களுக்கு 12 கிட்ட வரணும். 11 சரியாத்தான் இருக்கு.

பொன்ராஜ்_87 · மதியம் 2:10
மூணாவது ஓட்டையில குத்தியிருந்தேன். லேன் 1-ல மாத்துனேன். 192! நன்றிங்க.
ஆனா கடை லீவுன்னு இப்ப பாத்தேன். நேத்து நைட்டு மாடியில மட்டும் இல்ல, ஹால்லயே டிவி சுத்திச் சுத்தி நின்னுச்சு.

கயல்விழி · மதியம் 2:25
அப்ப இன்னும் பாதி வேலை இருக்கு. மதியம் 192 வந்தா உங்க வீடும் வொயரும் சுத்தம்னு அர்த்தம். இனிமே வர்ற குறைக்கு அவங்கதான் பதில் சொல்லணும். அதே லேப்டாப், அதே லேன் 1, வைஃபை ஆஃப். காலை 6, மதியம், நைட்டு 9:30, மூணு நாளைக்கு. ஒவ்வொரு தடவயும் ரெண்டு டெஸ்ட்: ஒண்ணு தானா வர்ற சர்வர். அது பெரும்பாலும் உங்க கம்பெனியோட சொந்த சர்வரா இருக்கும், அவங்க வாசல் வரைக்கும் அளந்துட்டு "ஆஹா 190"ம்பாங்க. இன்னொண்ணு சர்வரை நீங்களே மாத்தி வேற கம்பெனியோடது, இல்லைன்னா ஃபாஸ்ட் டாட் காம். அது நெட்ஃபிளிக்ஸ் சர்வர்லேர்ந்து இழுக்கும். ஸ்கிரீன்ஷாட்ல நேரம் தெரியணும்.

அதை வச்சு கம்பெனியில புகார் போட்டு, புகார் எண் வாங்குங்க. தீரலைன்னா அவங்ககிட்டயே மேல்முறையீட்டு அதிகாரி ஒருத்தர் இருக்கார். டிராய்க்கு எழுதாதீங்க, அவங்க தனி ஆள் புகாரை விசாரிக்கிறதில்ல. 1915-ல நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு. டெலிகாம் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 2022-ல சொல்லிடுச்சு.

கேபிள்_பாண்டி · மாலை 4:00
புகார் போட்டா கடைசியில என் போன்தான் அடிக்கும். ஏரியா ஆபரேட்டர்கிட்ட முதல்ல பேசுங்க சார். மேல லைன் கூட்டச் சொல்லி நாங்களும் கேட்டுக்கிட்டேதான் இருக்கோம்.

லண்டன்_குமரன் · மாலை 4:12
ஆக, "வரை"க்குள்ள ஒளிஞ்சிருக்கிறது நீங்க மட்டும் இல்ல, உங்களுக்கு மேல ஒருத்தர்.

மணி_நெட் · மாலை 4:20
நான் முதல்லயே சொன்னேன் வைஃபைன்னு.

கயல்விழி · 4 நாள் கழிச்சு
பொன்ராஜ் அண்ணா, நைட்டு என்ன வந்துச்சு?

பொன்ராஜ்_87 · 9 நாள் கழிச்சு
நைட்டு 55, 60. காலையில 190. படம் எடுத்து அனுப்பியிருக்கேன். ஆள் வர்றேன்னாங்க.

கயல்விழி · 9 நாள் கழிச்சு
வந்தா என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க.

புதுசு_2 · 3 மாசம் கழிச்சு
எனக்கும் இதே பிரச்சனைதான். 100 பிளான், 12 தான் வருது. ஏமாத்துறாங்க. என்ன பண்றது, அவசரம்.

மணி_நெட் · 3 மாசம் கழிச்சு
12 என்ன? பிட்டா பைட்டா? எதுல பாத்தீங்க?