அக்கீ பழத்தை எந்தப் பக்குவத்தில் பறிக்க வேண்டும்?

கேள்வி: கயல்

வணக்கம். வேலை நிமித்தமாகக் கிங்ஸ்டனுக்குக் குடிவந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. வீட்டின் பின்புறத்தில் அக்கீ மரம் ஒன்று கொத்துக் கொத்தாகக் காய்த்துச் சிவந்து நிற்கிறது. ஜமைக்காவின் தேசியப் பழம் இதுதான் என்றும், பக்குவம் தப்பினால் உயிருக்கே ஆபத்து என்றும் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். சிவந்துவிட்டாலே பழுத்ததாகக் கொள்ளலாமா? சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால், சமைத்துப் பழகியவர்கள் விவரமாகச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: செல்வி

நிறத்தை நம்பாதீர்கள். எவ்வளவு சிவந்திருந்தாலும் மூடியிருக்கும்வரை அது காய்தான். பருத்திக்காய் வெடிப்பதுபோல மரத்திலேயே தானாக வெடித்து, பளபளக்கும் கறுப்பு விதைகளும் அவற்றைத் தாங்கும் வெண்ணெய் நிறச் சுளைகளும் வெளியே தெரிந்த பிறகே பறிக்க வேண்டும். கத்தியால் பிளந்து திறந்த காயும், மூடியபடியே உதிர்ந்த காயும் ஆகவே ஆகாது. விதைகளை எறிந்துவிட்டு, சுளையின் மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு நாரைக் கத்தி முனையால் வழித்தெடுத்து, நிறைய தண்ணீரில் அரை மணி நேரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதுமாக வடித்துக் கொட்டிவிடுங்கள்.

இங்குள்ளவர்கள் இதை உப்புக் கருவாட்டுடன் வெங்காயம், தக்காளி, காரமான மிளகாய் சேர்த்து வதக்குகிறார்கள். நான் கருவாடு இல்லாமலும் செய்வதுண்டு. சுளை சட்டென்று குழைந்துவிடும் என்பதால், கரண்டியால் கிளறாமல் சட்டியைக் குலுக்கிவிட்டால் போதும். பார்வைக்கு முட்டைப் பொரியலைப் போலவே இருக்கும்.

பதில்: மரு. இளங்கோ

இதிலுள்ள நஞ்சின் பெயர் ஹைப்போகிளைசின். பழுத்து வெடிக்கும்போது சுளையில் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. விதையிலோ அப்படியே தங்கிவிடுகிறது. வயிறு காலியாக இருக்கும்போது உடல் கொழுப்பை எரித்துச் சக்தி பெறும் வழியையும், கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்கும் வழியையும் இந்த நஞ்சு அடைத்துவிடுவதால், கடுமையான வாந்தியில் தொடங்கி, ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, வலிப்பும் நினைவிழப்பும் ஏற்படக்கூடும். அப்படி ஏதேனும் நேர்ந்தால் சற்றும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அக்கீயும் லிச்சியும் நம் ஊர்ப் பூந்திக்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பீகாரின் முசாஃபர்பூரில் இரவு உணவு உண்ணாமல் லிச்சிப் பழம் தின்ற குழந்தைகள் இறந்ததைப் பற்றி 2014இல் நடந்த ஆய்விலும் இதே நஞ்சுதான் அகப்பட்டது. அமெரிக்காவும் இந்த அச்சத்தால் 1973இல் அக்கீ இறக்குமதியைத் தடைசெய்து, 2000ஆம் ஆண்டில்தான் சோதனைக்கு உட்பட்ட தகர டப்பா அக்கீயை அனுமதித்தது.

கயல்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை தாழ்ந்த கொத்து ஒன்றைப் பார்த்தேன். ஆறு காய்களில் இரண்டு மட்டுமே வெடித்திருந்தன. அவற்றைப் பறித்துக்கொண்டு மற்றவற்றைத் தொடாமல் விட்டுவிட்டேன். பிள்ளைகள் விளையாடப் போகும் முன்பாக, கீழே உதிர்ந்து கிடந்தவற்றையும் பொறுக்கிக் குப்பையில் சேர்த்துவிட்டேன்.