ஏற்றத்தில் இழுவை விடும் பழைய ஜீப்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

தாண்டிக்குடியிலிருந்து:

சமவெளியில் ஒழுங்காக ஓடுகிற பழைய ஜீப், மலை ஏறத் தொடங்கியதும் மூச்சு வாங்குவதைப் பற்றி நண்பர்கள் பலரும் கேட்டிருப்பதால், எனக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே தொல்லையைப் பட்டவர்கள் தங்கள் அனுபவத்தையும் கீழே சேர்க்க வேண்டுகிறேன்.

என்னுடையது 1991ஆம் ஆண்டு டீசல் ஜீப். நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, ரோட்டரி வகை டீசல் பம்ப். காப்பித் தோட்டத்துக்கு உரமும் ஆட்களும் ஏற்றிச் செல்வதற்காக 2017இல் மூன்றாம் கையாக வாங்கினேன். ஓராண்டுக் காலம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு, சித்தரேவைத் தாண்டி ஏற்றம் தொடங்கி நாலைந்து வளைவு போனதும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போதே வண்டி தளர்ந்துபோய், மூன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து ஒன்றுக்கும் கியரை இறக்கிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால், ஒன்றுமே நடக்காதது போல இரண்டு கிலோமீட்டர் ஏறும். பிறகு பழைய கதைதான். இறக்கத்திலும் வத்தலக்குண்டுச் சாலையிலும் எந்தக் குறையும் தெரியாது என்பதால், பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் வண்டி நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள்.

முதலில் பார்த்த பட்டறையில், டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி வெளியே அனுப்பி, சரிபார்த்து மாட்டிக் கொடுத்தார்கள். பயனில்லை. இரண்டாவது பட்டறையில், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். ரிங் தேய்ந்த எஞ்சின் பத்து நிமிடம் ஓய்வெடுத்தால் தேறிவிடுமா என்று திருப்பிக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. பணம் கைக்கு வராததால் வேலையைத் தள்ளிப்போட்டேன். அந்த வறுமைதான் என்னைக் காப்பாற்றியது.

லாரி பம்ப் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் உறவினர் ஒருவர் அழைத்துப் போனார். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை.

"தம்பி, வண்டி திணறும்போது பின்னால் புகை எப்படி வருகிறது?" என்று கேட்டார்.

"புகையே வருவதில்லை ஐயா."

"அப்படியென்றால் எஞ்சின் பட்டினி கிடக்கிறது. அதை ஏன் பிரிக்கப் போகிறீர்கள்?"

அவர் சொன்ன கணக்கு எளியது. ஏற்றத்தில் வண்டி திணறும்போது கரும்புகை வந்தால், டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை, அல்லது அளவுக்கு மீறி டீசல் போகிறது. வெண்புகை வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. டைமிங்கையும் (டீசல் பீய்ச்சப்படும் நேரம்) கம்ப்ரெஷனையும் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால், டீசல் போய்ச் சேரவேயில்லை. சமவெளியில் எஞ்சின் கேட்பது கொஞ்சம். பாதி அடைந்த குழாயும் அதைக் கொடுத்துவிடும். சுமையோடு ஏறும்போதுதான் முழு அளவு கேட்கிறது, அடைப்பு அப்போதுதான் வெளியே தெரிகிறது. ரோட்டரி பம்பில் இன்னொரு சங்கடமும் உண்டு: பம்புக்குள் இருக்கும் டீசல் அழுத்தத்தைக் கொண்டுதான் டைமிங் தானாக முன்னுக்கு நகர்கிறது. ஆகவே டீசல் வரத்து குறைந்தால் எரிபொருளும் குறைகிறது, டைமிங்கும் பின்தங்குகிறது.

உயரத்தினால் இழுவை குறைவதும் உண்மைதான். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவுக்கு மூச்சு குறையும். ஆனால் அந்தக் குறைவு படிப்படியாக வரும், பத்து நிமிட ஓய்வில் மறையாது. இந்த ஒன்றை முன்பே அறிந்திருந்தால், 'மலை என்றால் அப்படித்தான்' என்று சொன்னவர்களை நம்பி மூன்று மாதங்களை வீணடித்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலை பெரியவர் ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் வடிகட்டிய டீசலை நிரப்பி, பானட்டின் மேல் கயிற்றால் இறுகக் கட்டினார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கேனிலிருந்து ஒரு குழாயை நேரே, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் லிப்ட் பம்புக்குக் கொடுத்தார். பம்பிலிருந்து திரும்பும் குழாயையும் மறக்காமல் கேனுக்குள்ளேயே விட்டார். இல்லாவிட்டால் திரும்பும் டீசல் முழுவதும் டேங்குக்குப் போய், கேன் பாதி மலையில் காலியாகிவிடும். ஹேண்ட் பிரைமரைக் கையால் அடித்து, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டுக் கிளம்பினோம். எட்டு மூட்டை உரத்தோடு பெரும்பாறை வரை வண்டி ஓரிடத்தில்கூடத் தளரவில்லை. எஞ்சின், பம்ப், நாசில், பில்டர் எல்லாவற்றின் மேலும் இருந்த சந்தேகம் அந்த ஒரே பயணத்தில் தீர்ந்துவிட்டது. குற்றம் டேங்குக்கும் லிப்ட் பம்புக்கும் நடுவே எங்கோ இருந்தது.

திரும்பி வந்ததும், பழைய இணைப்பைக் கொடுத்து, நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகிப் பார்த்தார். குமிழி வந்தால் எங்கோ காற்றை இழுக்கிறது என்று பொருள், குமிழி இல்லை. டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டினோம்; மாற்றமில்லை. எனவே டேங்கை இறக்கினோம். உள்ளே டீசலை உறிஞ்சும் குழாயின் நுனியிலிருந்த வலையில் காப்பித்தூள் கசடு போன்ற வண்டல் படிந்திருந்தது. அதைவிட முக்கியமானது, டேங்கின் அடியில் கிடந்த, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய, வட்டமான ஈயத்தாள். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்ததும் வாயில் ஒட்டியிருக்குமே, அதுதான். தோட்டத்தில் காலி டப்பாக்களில் டீசல் வாங்கி வந்து ஊற்றும் பழக்கம் இருந்ததால், எப்போதோ அது உள்ளே விழுந்திருக்கிறது. எஞ்சின் பலமாக உறிஞ்சும்போது அந்தத் தாள் எழுந்து வலையின் மேல் அப்பிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தியதும் உறிஞ்சல் விட்டு மெல்லக் கீழே இறங்கிவிடும். என்னுடைய பத்து நிமிட ஓய்வின் மர்மம் அவ்வளவுதான்.

கொல்லிமலை அடிவாரத்திலிருந்து:

முதலில் ஓர் எச்சரிக்கை. மேலே உள்ள நண்பர் செய்த கேன் சோதனையைப் பெட்ரோல் வண்டியில் யாரும் செய்துவிட வேண்டாம். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கேனைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவது தீயோடு விளையாடுவதாகும்.

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் ஜீப். இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் எப்-ஹெட் எஞ்சின். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது எல்லோருக்கும் தெரியும். சித்திரை வெயிலில் இருபதாவது வளைவைத் தாண்டினால், வண்டி இருமி இருமி நின்றுவிடும். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்கிறது என்று சொல்லி, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றச் சொன்னார்கள். சுற்றினேன், துணி காயும் வரை வண்டி ஓடும். இரண்டு கோடையை ஈரத்துணியும் தண்ணீர் பாட்டிலுமாகவே ஓட்டிவிட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. முந்தைய உரிமையாளர் சைலன்சரை மாற்றியபோது, புதிய குழாயை வளைத்த விதத்தில் அது பெட்ரோல் லைனுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் வந்து நின்றிருக்கிறது. லைனை வண்டியின் இரும்புச் சட்டத்தின் மறுபக்கத்துக்கு மாற்றி, நடுவே ஒரு தகரத் தட்டை வைத்து மறைத்த பிறகு, ஈரத்துணிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

நின்றுபோவது நின்றது, இழுவை மட்டும் மந்தமாகவே இருந்தது. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தால், வேகத்துக்கு ஏற்பத் தீப்பொறியின் டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் இரண்டு எடைத்துண்டுகளும் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, தையல் எந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதோடு சரியாயிற்று. அதன் நடுவில் சுழலும் ரோட்டரைக் கையால் திருப்பி விட்டால் அது ஸ்பிரிங்கால் தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கிறது என்று பொருள். பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள் இதை இன்றே பார்த்துவிடலாம், ஸ்குரூ டிரைவர்கூடத் தேவையில்லை, மூடியின் கிளிப்பைத் தள்ளினால் போதும். கூடவே பெட்ரோல் வரும் ரப்பர் குழாய்களையும் பாருங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்வதில்லை. என்னுடையது உட்புறம் உப்பிப்போய் வழியையே பாதியாக்கி வைத்திருந்தது.

வால்பாறையிலிருந்து:

என் அனுபவம் சிறியது. ஆழியாரிலிருந்து ஏறும்போது ஜீப் கனமாக இருக்கிறது என்று டீசல் பில்டர் இரண்டையும் மாற்றி, லிப்ட் பம்பின் டயாபிரத்தையும் மாற்றிவிட்டேன். கடைசியில் அட்டகட்டியில் தேநீருக்கு நிறுத்தியபோது, பின் இடது சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. கையை அருகில் கொண்டுபோனாலே சுட்டது. மற்ற மூன்றும் வெதுவெதுப்பாக இருந்தன. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, விடுவித்த பிறகும் பிரேக் ஷூவைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எஞ்சினைத் திறப்பதற்கு முன், சமமான இடத்தில் நியூட்ரலில் வைத்து, ஒரே ஆளாக வண்டியைத் தள்ள முடிகிறதா என்று பாருங்கள்.

கூடலூரிலிருந்து:

எனக்கு நேர்ந்தது கரும்புகை. தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் நாள் முழுதும் ஓடும் வண்டி என்பதால், ஏர் பில்டர், தூசியை ஆயிலில் பிடித்துக்கொள்ளும் ஆயில் பாத் வகை. அதன் கிண்ணத்தில் குறியிட்ட அளவு வரைதான் ஆயில் இருக்க வேண்டும். வேலையாள் ஒருவர் நல்லெண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றிவிட்டார். அதிகமான ஆயில் மேலே உள்ள கம்பிச் சுருளை நனைத்து, தூசியோடு சேர்ந்து களிமண்ணாகி, காற்றுப் பாதையை அடைத்துவிட்டது. டீசலில் கம்பிச் சுருளைக் கழுவி, காயவைத்து, குறி வரை புது ஆயில் விட்டதும் புகை நின்றது. செலவு அரை லிட்டர் ஆயில்.

அதோடு ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனெனில் இதைப் பட்டறைக்காரர்கள் யாரும் பார்ப்பதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்க, இன்னொருவர் டீசல் பம்பின் லீவர், அதன் முழு ஓட்டத்தின் எல்லையான கடைசி ஸ்குரூவைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தது. காலடியில் போட்டிருந்த தடித்த ரப்பர் மேட்டும் நீண்டுபோன கேபிளும் சேர்ந்து அந்த இடைவெளியை உண்டாக்கியிருந்தன. எஞ்சினின் முழு இழுவையை நான் ஒருநாளும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டியின் வேகம் மட்டும் ஏறவில்லை என்றால், அது கிளட்ச் நழுவுவது. அதற்கு இங்கே சொன்ன எதுவும் மருந்தாகாது.

மீண்டும் தாண்டிக்குடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. பிரேக்கைப் பற்றி எழுதியவருக்குத் தனியாக ஒரு நன்றி; அன்றே நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தேன், நல்லபடியாகவே இருக்கின்றன.

கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். டேங்கைச் சுத்தம் செய்து மாட்டிய எட்டாவது மாதம் அதே தொல்லை திரும்பியது. இம்முறை நானே தேடினேன். வண்டி தளர்ந்த இடத்திலேயே நிறுத்தி டேங்க் மூடியைத் திருகியபோது, உஸ் என்ற சத்தத்தோடு காற்று உள்ளே பாய்ந்தது. பழைய மூடி தொலைந்துபோனதால் வத்தலக்குண்டில் ஒரு கடையில் வாங்கி மாட்டியிருந்த புதிய மூடியில், காற்று புகுவதற்கான துளையே இல்லை. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. முதல் தடவை மூடியைத் தளர்த்திப் பார்த்தபோது பயனில்லாமல் போனது, இரண்டாம் தடவை அதுவே விடையாயிற்று. துளையுள்ள மூடியைத் தேடி வாங்கும் வரை, மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, துணியால் சுற்றிக் கட்டி ஓட்டினேன்.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "டீசல் ஊற்றும் புனலில் வலை போட்டீர்களா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. போட்டிருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீரையும் இறக்கிவிடுகிறேன். மழைக்காலத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு மேசைக்கரண்டி அளவாவது வருகிறது. ஈயத்தாளை மட்டும் தூக்கி எறியவில்லை, டேஷ்போர்டு பெட்டியில் வண்டிப் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்.