கடவுச்சொல்லே கேட்காமல் கிரப் ரெஸ்கியூவில் நிற்கிறது

ஞாயிற்றுக்கிழமை, துவக்கக் கோப்புகள் இருக்கும் பூட் அடைவையும் வட்டின் குறியாக்கத்துக்குள் நகர்த்தினேன். அன்றிலிருந்து லேப்டாப் துவங்கவில்லை. டெபியன் 12 லினக்ஸ், அதைத் துவக்கும் நிரல் கிரப் 2.06, யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர், வட்டுக் குறியாக்கத்துக்கு லக்ஸ்2, அதன்மேல் வட்டைப் பகுதிகளாகப் பிரிக்க எல்விஎம். யுஇஎஃப்ஐ படிக்கும் துவக்கப் பகிர்வான இஎஸ்பி மட்டும் குறியாக்கத்துக்கு வெளியே.

ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘டிஸ்க் எல்விஎம்ஐடி... நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு வரி, அடியில் கிரப்பின் அவசர நிலையான ‘கிரப் ரெஸ்கியூ’, பக்கத்தில் மின்னும் கர்சர். அவ்வளவுதான்.

லைவ் யுஎஸ்பியில் வட்டு ஒழுங்காகத் திறக்கிறது. தரவு பத்திரம், அந்த மட்டில் நிம்மதி. அங்கிருந்து சிஎச்ரூட் செய்து (வட்டிலுள்ள டெபியனுக்குள் நுழைந்து), குறியாக்கிய வட்டைத் திறக்க கிரப்பை அனுமதிக்கும் கிரிப்டோடிஸ்க் அமைப்பை இயக்கி, கிரப்பை இரண்டு முறை நிறுவிவிட்டேன். பிழை எதுவும் வரவில்லை. கடவுச்சொல்லிலிருந்து சாவி உருவாக்கும் முறைகளில் ஆர்கான்2-ஐ இந்தக் கிரப் பதிப்பு படிக்காது என்பதால் சாவியையும் பிபிகேடிஎஃப்2 முறைக்கு மாற்றினேன். அப்புறமும் அதே வரிதான்.

பழைய லக்ஸ்1-க்கு இறங்க மனமில்லை. லக்ஸ்2 மாட்யூலைச் சேர்த்து கிரப் இமேஜை நானே உருவாக்கி இஎஸ்பியில் வைத்தால் கடவுச்சொல் கேட்குமா?